சனம் என்ன கதைக்கும்? வெட்கம் பழக்கப்படும் விதம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் பெற்றோர் கூட்டங்களிலும் முன்பள்ளி வாசல்களிலும் அடிக்கடி வாயில் வரும் கேள்விகள் இவை. சிலவற்றுக்குப் பதில் நீளம். சிலவற்றுக்கு இரண்டு வரி போதும்.

வெட்கம் கூடப் பிறந்ததா, பழக்கி வருவதா?

வெட்கப்படும் திறன் உடம்போடு வருகிறது. எதற்கு வெட்கப்படவேண்டும் என்பதை ஊர் பழக்குகிறது.

ஒரு வயதுப் பிள்ளை டச் பே கடற்கரையில் உடுப்பில்லாமல் ஓடும். யார் பார்த்தாலும் அதற்கு ஒன்றுமில்லை. 18 மாதத்துக்கும் 24 மாதத்துக்கும் இடையில் ஒரு மாற்றம் வருகிறது. பிள்ளை அறியாமல் மூக்கில் சிவப்புப் பொட்டு ஒன்றை வைத்துக் கண்ணாடி முன் நிறுத்திப் பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. சின்னப் பிள்ளை கண்ணாடியைத் தொடும். இந்த வயதை எட்டிய பிள்ளை தன் மூக்கைத் தொடும். கண்ணாடியில் நிற்பது தான்தான் என்று அதற்கு விளங்கிவிட்டது. தன்னை மற்றவர்கள் பார்க்கிறார்கள் என்பதும் அதற்குப் பிறகுதான் விளங்கத் தொடங்கும். வெட்கம், பெருமை, குற்றவுணர்வு ஆகியவை 3 வயதளவில் தெரியத் தொடங்குகின்றன.

ஆகவே 1 வயதுப் பிள்ளையிடம் "வெக்கமில்லையா உனக்கு?" என்று கேட்பது வீண் வேலை. அது குரலின் சூட்டுக்கு அழும், அவ்வளவுதான்.

எங்கள் வீடுகளில் அதை எப்படிப் பழக்குகிறோம்?

மூன்றாவது ஆளைக் கூப்பிட்டுப் பழக்குகிறோம். பேச்சு தாய்க்கும் பிள்ளைக்கும் இடையில் இருக்கும்வரை அது கண்டிப்பு. "மாமா பாக்கிறார்", "அங்க பார், அந்த அக்கா சிரிக்கிறா" என்று ஒரு சாட்சியை இழுத்தவுடன் அது வெட்கமாகிறது. மாமா பெரும்பாலும் பேப்பர் வாசித்துக்கொண்டிருப்பார். அவருக்கு விஷயமே தெரியாது. பிள்ளைக்கு அது தேவையுமில்லை, இரண்டு கண்கள் இருந்தால் போதும்.

அடுத்த கட்டத்தில் அந்தச் சாட்சி கண்ணுக்குத் தெரியாதவராகிறார். பள்ளிக்கூடம் போகத் தொடங்கும் வயதில் "மாமா" போய் "சனம்" வருகிறது: "சனம் என்ன கதைக்கும்?" சனத்துக்கு முகமில்லை, முகவரியில்லை, எந்த நேரமும் அது விழித்திருக்கிறது. 12, 13 வயதுக்கு மேல் யாரும் சொல்லவே தேவையில்லை. பிள்ளை அறைக்குள் தனியே இருந்தாலும் சனம் உள்ளே இருக்கும்.

இதோடு சில துணைக் கருவிகளும் உண்டு. ஒப்பீடு ("பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பார்"), பட்டப்பெயர், வாய் பேசாமல் இருத்தல், சிரிப்பு. எல்லாவற்றிலும் கூடக் கேடு செய்வது கதையைத் திரும்பச் சொல்வது. பிள்ளை திங்கட்கிழமை செய்த பிழைக்கு அன்றே பேச்சு வாங்கிவிட்டது. சனிக்கிழமை சித்தி வரும்போது, தேத்தண்ணியோடு அந்தக் கதையும் பரிமாறப்படுகிறது. அடுத்த மாதம் கலியாண வீட்டில் இன்னொரு முறை. பிழை ஒன்று, தண்டனை ஐந்தாறு. திருத்திக்கொண்டாலும் கதை முடியாது என்று பிள்ளை கணக்குப் போடும். அந்தக் கணக்குப் பிழையுமில்லை.

இது தமிழ்ச் சனத்துக்கு மட்டும் உரிய பழக்கமா?

இல்லை. தைவானின் தைப்பே நகரில் 2½ முதல் 4 வயதுவரையான பிள்ளைகளின் வீடுகளை நெடுநாள் கவனித்த ஹெய்டி ஃபங் என்ற ஆய்வாளர், அங்குள்ள பெற்றோரும் சாட்சியைக் கூப்பிட்டே பழக்குகிறார்கள் என்று எழுதினார். ஆனால் பல நேரம் அது பாதி விளையாட்டாக நடக்கும். பிள்ளையைச் சபைக்குள் சேர்த்துக்கொள்வதே அதன் நோக்கம். இது முக்கியமான வேறுபாடு. பேச்சு முடிந்தபின் பிள்ளை மடியில் இருக்கிறதா, மூலையில் இருக்கிறதா என்று பாருங்கள்.

சிங்களத்தில் "லஜ்ஜா-பய" என்று ஓர் இணைச்சொல் உண்டு: வெட்கமும், பிறர் கேலிக்கு அஞ்சும் அச்சமும் ஒரே மூச்சில். சிறுவயதிலேயே இது ஊட்டப்படுவதை மானிடவியலாளர் கணநாத் ஒபேசேகர எழுதியிருக்கிறார். கிண்ணியாவிலும் மூதூரிலும் முஸ்லிம் வீடுகளில் "ஹயா" என்ற சொல் மார்க்கத்தின் பண்பாக, ஈமானின் (இறைநம்பிக்கையின்) ஒரு கிளையாகச் சொல்லித்தரப்படுகிறது. அதில் முதற்சாட்சி அயலவர் அல்ல, அல்லாஹ். நடைமுறையில் அயலவரும் வந்து சேர்ந்துவிடுகிறார்கள் என்பது வேறு கதை.

வெட்கம், கூச்சம், நாணம், அவமானம் எல்லாம் ஒன்றுதானே?

ஒன்றல்ல. புது ஆளைக் கண்டு தாயின் சீலைக்குப் பின்னால் ஒளிவது கூச்சம். அவமானம் வெளியிலிருந்து வருவது; ஒருவர் இன்னொருவருக்குச் செய்வது. மானம் காப்பாற்றவேண்டிய ஒன்று, போனால் போனதுதான். நாணம் உள்ளிருந்து தடுப்பது. சிக்கல் எங்கே என்றால், பேச்சுவழக்கில் இவை எல்லாவற்றையும் "வெக்கம்" என்ற ஒரே பானைக்குள் போட்டுவிட்டோம். மணப்பெண் தலைகுனிந்தாலும் வெக்கம், களவு பிடிபட்டாலும் வெக்கம்.

திருக்குறள் மானத்துக்கு ஓர் அதிகாரமும் (97) நாணுடைமைக்கு ஓர் அதிகாரமும் (102) தனித்தனியே வைத்திருக்கிறது. நாணுடைமையின் முதற்குறளே, தகாத செயலுக்கு நாணுவதுதான் நாணம், பெண்களின் நாணம் வேறு வகை என்று பிரித்துச் சொல்கிறது. அந்தப் பிரிப்பை வீட்டில் கைவிட்டதால்தான், ஒரு பிழையும் செய்யாத பெண்பிள்ளை உரக்கச் சிரித்ததற்கும் வெட்கப்படவேண்டியிருக்கிறது.

வெட்கத்துக்கும் குற்றவுணர்வுக்கும் என்ன வித்தியாசம்? தெரிந்து என்ன பயன்?

"நான் செய்தது பிழை" என்பது குற்றவுணர்வு. "நானே பிழை" என்பது வெட்கம். இந்தப் பிரிப்பை 1971 இல் ஹெலன் பிளொக் லூயிஸ் தெளிவாக வைத்தார். பின்னர் ஜூன் டாங்னி முதலானோர் செய்த ஆய்வுகள், எதற்கெடுத்தாலும் வெட்கத்தில் விழுபவர்கள் கோபப்படுவதும் பழியை மற்றவர் தலையில் போடுவதும் அதிகம் என்று காட்டின. குற்றவுணர்வு கொள்பவர் மன்னிப்புக் கேட்கவும் சரிசெய்யவும் கூடுதலாக முன்வருகிறார்.

காரணம் எளிது. உடைந்தது கோப்பை என்றால் கூட்டி அள்ளலாம், காசு சேர்த்து வேறொன்று வாங்கலாம். உடைந்தது நான் என்றால் எதைக் கூட்டுவது? ஒளிக்கத்தான் முடியும்.

பயன் வாக்கியத்தில் இருக்கிறது. "நீ ஒரு கள்ளன்" என்பதை "தங்கச்சிட காச கேக்காம எடுத்திருக்கிறாய், எப்படித் திருப்பிக் குடுக்கப்போறாய்?" என்று மாற்றுங்கள். கண்டிப்பு குறையவில்லை, பிள்ளைக்குச் செய்ய ஒரு வேலை கிடைத்திருக்கிறது.

கேட்டால் வாயே திறக்கிறான் இல்லை. திமிரா?

பெரும்பாலும் இல்லை. வெட்கம் வந்தால் முகம் சூடாகும், கண் கீழே போகும், தோள் சுருங்கும், சொல் வராது. அந்த நேரம் "என்னைப் பார்த்துக் கதை!" என்று நாடியைப் பிடித்து நிமிர்த்துவது, எந்தக் கண்ணிலிருந்து தப்ப நினைக்கிறானோ அதே கண்ணுக்குள் தள்ளுவது. பிறகு வருவது பொய் அல்லது வெடிப்பு.

ஒரு இருபது நிமிடம் விடுங்கள். பிறகு முகத்துக்கு முகம் இல்லாமல், பக்கத்தில் இருந்து கேளுங்கள்: மோட்டார் சைக்கிளில் பின்னால் இருக்கும்போது, மீன் வெட்டும்போது, உடுப்பு மடிக்கும்போது. "ஏன் செய்தனீ?" என்று தொடங்கவேண்டாம், அதற்குப் பதில் பிள்ளைக்கே தெரியாது. "முதல்ல என்ன நடந்தது?" என்று கேட்டால் சொல்ல ஒரு நுனி கிடைக்கும்.

வெட்கமே இல்லாமல் வளர்த்தால் பிள்ளை கெட்டுப்போகாதா?

வெட்கமே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஒடிசாவின் கோயில் நகரான புவனேசுவரத்தில் உஷா மேனன், ரிச்சர்ட் ஷ்வேடர் இருவரும் செய்து 1994 இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், லஜ்ஜை (வெட்கம்), மகிழ்ச்சி, கோபம் மூன்றில் எது தனித்து நிற்கிறது என்று கேட்டார்கள். அந்த ஊரார் கோபத்தைக் காட்டினார்கள்: லஜ்ஜையும் மகிழ்ச்சியும் குடும்பத்தைச் சேர்த்து வைக்கும், கோபம் குலைக்கும். அமெரிக்கர் மகிழ்ச்சியைத் தனியே எடுத்தார்கள். அவர்களுக்கு வெட்கமும் கோபமும் ஒரே கசப்பு. அதே புவனேசுவரத்தில் காளியின் நீட்டிய நாக்கு, கணவனை மிதித்துவிட்டதை உணர்ந்து கடித்த நாக்கு, லஜ்ஜையின் அடையாளம். பத்திரகாளி அம்மன் கோயிலில் கும்பிட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த நாக்கு உக்கிரம்தான். ஒரே நாக்கு, இரண்டு பாடம்.

ஆகவே வெட்கத்துக்கு வேலை உண்டு. வரிசையில் முந்தாமலிருக்க, பெரியவர் முன் சொல்லை அளந்து பேச, கடன் வாங்கினால் திருப்பிக் கொடுக்க அது உதவும். உடம்புக்கும் நோய்க்கும் வறுமைக்கும் பிறப்புக்கும் அதைப் பூசும்போதுதான் நஞ்சாகிறது. பிள்ளையால் மாற்ற முடிந்த ஒன்றா என்று கேட்டுப் பாருங்கள். சாதி, நிறம், திக்குவாய், தகப்பனின் தொழில், மூதூர்ப் பக்கத்துப் பேச்சு, இவற்றில் எதையும் பிள்ளை செய்யவில்லை.

ஏழு வயதாகியும் படுக்கையில் மூத்திரம் போகிறான். பாயை வெளியில் காயப்போட்டால் வெட்கத்தில் நிறுத்துவான் என்கிறார்கள்.

நிறுத்தமாட்டான். நித்திரையில் நடப்பதை வெட்கம் எட்டாது. 5 வயதில் 100 பிள்ளைகளில் ஏறத்தாழ 15 பேருக்கு இது உண்டு. பெரும்பாலானோருக்கு வயதோடு தானாகக் குறையும். வெட்கப்படுத்தினால் பிள்ளை ஈரப் பாயை ஒளிக்கும், உறவினர் வீட்டில் தங்க மறுக்கும், பகலில் தண்ணீர் குடிக்காமல் விடும். தண்ணீர் குறைந்தால் மலச்சிக்கல் வரும். மலச்சிக்கல் சலப்பையை அழுத்தி நனைப்பதைக் கூட்டும்.

பகலில் நன்றாகக் குடிக்கக் கொடுங்கள். படுப்பதற்கு 2 மணித்தியாலம் முன்பு குறையுங்கள். தேத்தண்ணி, கோலா வகைகளை மாலையில் நிறுத்துங்கள். படுக்கும் முன் கழிப்பறை. மெத்தைக்கு மேல் ரப்பர் ஷீற், அதற்கு மேல் பருத்தித் துணி. காலையில் துணியை மாற்றப் பிள்ளையும் கைகொடுக்கட்டும், தண்டனையாக அல்ல.

6 மாதம் நனைக்காமல் இருந்து திரும்பத் தொடங்கினால், தாகம் கூடினால், எரிவு இருந்தால், பகலிலும் நனைந்தால் வைத்தியரிடம் காட்டவேண்டும். நீரிழிவு, சிறுநீர்த் தொற்று, அல்லது சொல்ல முடியாத ஒரு பயம் காரணமாக இருக்கலாம்.

மகள் பெரிய பிள்ளையாகப் போகிறாள். என்ன சொல்லி வைப்பது?

எங்கள் வழக்கத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. சாமத்திய வீட்டுக்கு மண்டபம் எடுத்து, காட் அடித்து, வீடியோ பிடித்து ஊருக்கே அறிவிக்கிறோம். அடுத்த மாதத்திலிருந்து மாதவிடாய்க்கு வைக்கும் பாட்களைப் பேப்பரில் சுற்றிக் கறுப்புப் பையில் வாங்கி, தகப்பன் கண்ணில் படாமல் வைக்கச் சொல்கிறோம். சந்தோஷப்படவேண்டியதா, ஒளிக்கவேண்டியதா என்று பிள்ளைக்கு விளங்குவதில்லை. சடங்கை எப்படிச் செய்வது உங்கள் குடும்ப முடிவு. ஆனால் எத்தனை பேருக்குச் சொல்வது, வீடியோ வேண்டுமா என்று அந்தப் பிள்ளையிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

9 வயதளவில் சொல்லிவைப்பது நல்லது. இரத்தத்தைக் கண்டபிறகு சொல்வது பிந்திய பாடம். பாட் எப்படி வைப்பது, 4 முதல் 6 மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும், பள்ளிப் பையில் இரண்டு மேலதிகமாக இருக்கட்டும், பாவாடையில் பட்டால் யாரிடம் சொல்வது: இந்த நான்கும் போதும். துணி பாவிக்கும் வீடுகளில் வெட்கம் நேரடியாக நோய் கொடுக்கிறது. வெயிலில் போடக் கூச்சப்பட்டுக் கட்டிலுக்குக் கீழே, வேறு உடுப்புக்கு அடியில் காயவைப்பார்கள். அரைகுறையாகக் காய்ந்த துணியில் பூஞ்சை பிடித்துச் சொறியும் தொற்றும் வரும். சவர்க்காரம் போட்டுக் கழுவி நேரடி வெயிலில் உலர்த்தவேண்டும். 8 வயதுக்கு முன் வந்தாலும், 15 வயதாகியும் வராவிட்டாலும் வைத்தியரைக் காணுங்கள்.

உடலுறுப்புப் பெயர்களைச் சொல்லித்தர வெட்கமாக இருக்கிறதே?

சொல்லிலேயே வெட்கம் ஏறியிருக்கிறது. பல முஸ்லிம் வீடுகளில் "வெட்கத்தலம்" என்பதே அந்த உறுப்பின் பெயர். அடக்கம் கற்பிப்பது நல்லது. ஆனால் பெயரே இல்லாத இடத்தில் யாராவது கைவைத்தால் பிள்ளை எந்தச் சொல்லால் வந்து சொல்லும்? குளிக்கவைக்கும்போது, கை, கால் என்று சொல்லும் அதே குரலில் ஒரு பெயரைச் சொல்லுங்கள். கூடவே ஒரு வாக்கியம்: "இத யாரும் தொட்டா, ரகசியம் எண்டு சொன்னாலும், என்னட்ட சொல்லு. நான் உன்னைப் பேசமாட்டன்." கடைசிச் சொற்றொடர்தான் வேலை செய்யும். சந்தேகம் இருந்தால் சிறுவர் உதவி இலக்கம் 1929.

வகுப்பில் எல்லோர் முன்னும் நிறுத்திப் புள்ளியை வாசிக்கிறார்கள். பெற்றோர் என்ன செய்யலாம்?

கல்வி அமைச்சின் 12/2016 சுற்றறிக்கை பாடசாலையில் உடல் தண்டனையைத் தடைசெய்கிறது. அடி குறைந்த இடங்களில் கேலி அதன் கதிரையில் வந்து அமர்ந்துவிட்டதுண்டு. முதலில் வகுப்பாசிரியரைத் தனியே, பாடசாலை விட்டபின் காணுங்கள். வாசலில் மற்றப் பெற்றோர் முன் கேட்டால் நீங்களும் அதையே அவருக்குச் செய்கிறீர்கள். நாள், பாடம், சொன்ன சொல் மூன்றையும் எழுதிக்கொண்டு போங்கள். "புள்ளியை அவள்ட கையில குடுங்க டீச்சர், சத்தமா வாசிக்க வேணாம்" என்று ஒரு கோரிக்கை மட்டும் வையுங்கள். இரண்டு வாரத்தில் மாறாவிட்டால் அதிபர். பிறகு வலயக் கல்வி அலுவலகம், எழுத்தில்.

ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைக் காலத்தில் வீட்டுக்கும் ஒரு வேண்டுகோள். வெட்டுப்புள்ளிக்கு மேல் எடுத்த பிள்ளைகளின் படம் மதிலில் தொங்கும் வாரத்தில், எடுக்காத பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அந்த வழியால் போகவேண்டியதில்லை.

குழுக்கடன் தவணை கட்ட முடியாமல் கதவைப் பூட்டிக்கொண்டு இருக்கும் பெண்களுக்கு?

குழுக்கடனில் அடகு வைக்கப்படுவது நகையல்ல, முகம். ஒருவர் தவறினால் மற்றவர்கள் பொறுப்பு, கூட்டம் அயல்வீட்டில், சேகரிக்க வருபவர் வாசலிலேயே இருப்பார். அயலாரின் கண் அங்கே வசூலிப்பவரின் கருவி. அதைத் தவிர்க்க இன்னொரு கடன் எடுப்பதுதான் வழக்கமான பிழை. மூன்றாவது கடனில் வட்டிக்கே வருமானம் போய்விடும்.

ஒரு தாளில் எல்லாக் கடனையும் எழுதுங்கள்: யார், எவ்வளவு, கிழமைக்கு எவ்வளவு, எத்தனை தவணை மிச்சம். வீட்டில் ஒருவருக்குக் காட்டுங்கள். தனியே தூக்கும்போதுதான் அது மலை. கூட்டத்துக்குப் போய், கட்டக்கூடிய தொகையை நீங்களே சொல்லுங்கள். ஒளிந்தால் கதை கூடும். கொடுக்கும் ஒவ்வொரு சதத்துக்கும் பற்றுச்சீட்டு. தவணை தவறுவது களவு அல்ல, குடியியல் விடயம். இரவில் வந்து மிரட்டினால் பொலிஸில் முறையிடலாம்.

அந்தரங்கப் படத்தை வைத்து மிரட்டுகிறார்கள்.

காசு கொடுக்கவேண்டாம், கொடுத்தால் திரும்பக் கேட்பார்கள். உரையாடலை அழிக்கவேண்டாம், இலக்கம், கணக்குப் பெயர், திகதி தெரியும்படி ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள். 18 வயதுக்கு மேல் என்றால் "ஸ்டொப் என்சிஐஐ" (StopNCII), கீழ் என்றால் "டேக் இட் டவுன்" (Take It Down) என்ற இலவச சேவைகள் உண்டு. படம் உங்கள் ஃபோனை விட்டுப் போகாது. அதன் எண்வடிவக் கைரேகை மட்டும் போய், இணைந்துள்ள தளங்களில் அந்தப் படத்தைத் தடுக்க உதவும். பெண்கள் உதவி இலக்கம் 1938. வீட்டார் முதல் மணித்தியாலத்தில் "ஏன் எடுத்தனி?" என்று கேட்காமலிருப்பது பெரிய உதவி. மிரட்டுபவரின் பலமே அந்தக் கேள்விக்கான பயம்தான்.

"இனி யாற்ற முகத்திலயும் முழிக்கேலாது, சாகத்தான் வேணும்" என்று சொன்னால்?

பேச்சுக்குச் சொல்வதாக எடுக்கவேண்டாம். நேரடியாகக் கேளுங்கள்: "சாகிற எண்ணம் வருதா?" கேட்பதால் எண்ணம் புதிதாக வராது. தனியே விடாதீர்கள். பூச்சிநாசினி, மாத்திரைகளை வீட்டிலிருந்து அகற்றுங்கள். இலங்கையில் தற்கொலை 1995 அளவில் உச்சத்தில், 100,000 பேருக்கு ஏறத்தாழ 47 ஆக இருந்தது. கொடிய பூச்சிநாசினிகளைத் தடைசெய்த பிறகு பெரிதாகக் குறைந்தது. வெட்கத்தின் கொதி சில மணித்தியாலத்தில் இறங்கும். அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் நஞ்சு இல்லாதிருந்தால் உயிர் மிஞ்சும். மனநல உதவி இலக்கம் 1926, எந்நேரமும். ஏதும் குடித்துவிட்டால் காத்திருக்காமல், வாந்தி எடுக்கவைக்க முயலாமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

ஆட்கள் முன் பிள்ளையைப் பேசிவிட்டேன். இப்போது என்ன செய்வது?

யார் முன்னால் பேசினீர்களோ அவர்கள் முன்னாலேயே ஒரு வரி சொல்லுங்கள்: "நேற்று எல்லாருக்கும் முன்னால பேசினது என்ட பிழை, மகன்." தனியே சொல்வது பாதிதான், சாட்சிகள் இன்னும் பழைய கதையோடு இருக்கிறார்கள். செய்த பிழை பற்றித் தனியே, வேறு நேரத்தில். ஒன்றைச் சொல்லும்போது மற்றதைக் கலக்கவேண்டாம், "நான் பேசினது பிழைதான், ஆனா நீயும்..." என்று போனால் முதற்பாதி அழிந்துவிடும்.

அம்மம்மாவை எப்படி நிறுத்துவது? வருகிற ஆட்களிடமெல்லாம் சொல்கிறா.

அவவும் அப்படித்தான் பழக்கப்பட்டவ. ஆட்கள் முன் தடுத்தால் அவவுக்கு வெட்கம், பிறகு கோபம். வெற்றிலைத் தட்டோடு தனியே இருக்கும் நேரம் பார்த்து, அவவுக்கு வேறொரு கதையைக் கையில் கொடுத்துவிடுங்கள்: "அம்மா, அவன் காசு எடுத்தத நான் அவனோட கதைச்சு முடிச்சிட்டன், திருப்பியும் குடுத்திட்டான். சித்தி வந்தா, அவன் கிணத்தடிய கழுவித் தந்தத சொல்லுங்கோ."